மெக்கின்டாஷின் தாவர ஓவியங்கள்

ஸ்காட்லாந்துக் கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் ரென்னி மெக்கின்டாஷ் (1868–1928) பென்சிலாலும் நீர்வண்ணத்தாலும் வரைந்த செடி, பூ ஓவியங்கள் இப்பெயரால் குறிக்கப்படுகின்றன. கிளாஸ்கோ கலைப்பள்ளிக் கட்டடம், ஹெலன்ஸ்பரோ ஊரிலுள்ள ஹில் ஹவுஸ் ஆகியவற்றால் புகழ்பெற்றவர் என்பதால், இந்த ஓவியங்களை ஓய்வுநேர வேலையாகக் கருதுவோர் உண்டு. அப்படி ஒதுக்கிவிடக் கூடியவை அல்ல இவை.

மெக்கின்டாஷுக்குப் பூக்களின் மீதிருந்த நாட்டம் தந்தைவழி வந்தது. கிளாஸ்கோ காவல்துறையில் பணியாற்றிய வில்லியம், பதினொரு பிள்ளைகள் பிறந்த குடும்பத்தின் தலைவர். தோட்டவேலையில் தீராத ஆசை கொண்டவர். டெனிஸ்டவுன் பகுதியில் வசித்தபோது அவர் வளர்த்த தோட்டத்தை வீட்டார் 'ஏதேன் தோட்டம்' என்றே அழைத்தனர். 1884இல் கட்டடக் கலைஞர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்த மகன், மாலை வேளைகளில் கலைப்பள்ளியில் ஓவியமும் பயின்றார். பயணக் குறிப்பேடுகளில் பழைய கட்டடங்களோடு செடிகளும் இடம்பெற்றன. 1901இல் ஹோலி தீவிலும் 1908இல் போர்ச்சுகலின் சின்ட்ராவிலும் வரைந்த பூக்கள் கிடைக்கின்றன. ஹில் ஹவுஸ் வரவேற்பறைச் சுவரில் அவர் பதித்த ரோஜா வெறும் வடிவமாகச் சுருக்கப்பட்டது. தாளில் வரைந்த பூவோ கண்முன் இருந்த செடியிலிருந்து வந்தது.

1913இல் ஹனிமன்–கெப்பி நிறுவனத்திலிருந்து விலகியவர், 1914 கோடையில் மனைவி மார்கரெட் மெக்டோனால்டுடன் சஃபோக் கடற்கரைச் சிற்றூரான வால்பர்ஸ்விக் சென்றார். அங்குதான் இவ்வகை ஓவியங்கள் உச்சம் தொட்டன. ஓராண்டுக்குள் சுமார் நாற்பது தாள்கள் வரைந்தார். ஜெர்மன் பதிப்பாளர் ஒருவரின் நூலுக்காக அவை தீட்டப்பட்டதாகவும், போர் மூண்டதால் அது நின்றுபோனதாகவும் சொல்லப்படுகிறது.

கட்டடக் கலைஞரின் கை இவற்றில் தெளிவாகத் தெரியும். ஒரே தாளில் பூவை மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்த்து, தரைப்படத்தையும் முகப்புப்படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததுபோல வரைவார். தண்டுகளும் இலைகளும் ஒன்றையொன்று ஊடுருவிச் செல்லும். ஒரு கோட்டைக் கடக்கும் இன்னொரு கோட்டை அவர் மறைப்பதில்லை. வண்ணம் தேவையான இடத்தில் மட்டும் விழும். மற்ற இடங்களில் பென்சில் கோடே பேசும். தாவரவியல் நூலுக்குரிய நுணுக்கம் இருந்தும், இனங்களை வகைப்படுத்துவது அவர் நோக்கமாகத் தெரியவில்லை. 1915இல் தீட்டிய ஃப்ரிட்டிலேரியாவைப் பார்த்தால் இது விளங்கும்: அப்பூவின் இதழ்களில் இயற்கையாகவே சதுரக் கட்டங்கள் உண்டு, நாற்காலிகளிலும் சன்னல்களிலும் சதுரத்தையே மீண்டும் மீண்டும் கையாண்டவருக்கு அது எவ்வளவு உவப்பான பூ!

தாளின் ஓரத்தில் சிறு கட்டமிட்டு, செடியின் பெயர், ஊர், ஆண்டு, பெயர்களின் முதலெழுத்துகள் ஆகியவற்றை எழுதுவார். பல தாள்களில் தம்முடையதோடு மார்கரெட்டின் எழுத்துகளும் இருக்கின்றன. வரையும்போது உடனிருந்தவர்களைக் குறிப்பதே இவ்வழக்கம் என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. எனவே மார்கரெட்டும் தூரிகை பிடித்தார் என்பதற்கு அந்த எழுத்துகள் மட்டும் சான்றாகா.

ஆஸ்திரிய, ஜெர்மன் கலைஞர்களுடன் வைத்திருந்த தொடர்பே வால்பர்ஸ்விக் வாழ்க்கைக்கு எமனாயிற்று. ஒற்றர் என்ற ஐயத்துக்கு ஆளாகி 1915இல் அவ்வூரை விட்டு வெளியேறினார். பின்னர் லண்டன் செல்சியில் குடியேறி, பிழைப்புக்காகத் துணி வடிவங்கள் வரைந்தார். அவற்றிலும் பூக்களே மிகுதி. 1923க்குப் பின் தென் பிரான்சில் நிலக்காட்சிகளில் முனைந்தாலும் அவ்வப்போது செடிகளையும் வரைந்தார். நாக்கில் தோன்றிய புற்றுநோயால் 1928 டிசம்பர் 10 அன்று லண்டனில் இறந்தார்.

1933இல் மார்கரெட்டும் மறைந்தபின், ஓவியங்கள் உட்பட இருவரின் பணியறைப் பொருள்களுக்கு மதிப்பீட்டாளர்கள் போட்ட விலை 88 பவுன் 16 ஷில்லிங் 2 பென்ஸ். மெக்கின்டாஷின் படைப்புகள் மிகுதியாகச் சேர்ந்திருக்கும் இடம் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஹன்டேரியன் கலைக்கூடம். ஃப்ரிட்டிலேரியா ஓவியமும் அங்கேயே உள்ளது.