கொடைக்கானல் ஏரிக்கு வயசு என்ன?

கொடைக்கானல் ஏரியைச் சுற்றி நடக்கிறவர்களில் பலர், அது மலையோடு சேர்ந்தே பிறந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. அது 1863-இல் உண்டாக்கப்பட்டது. 1856-இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தைவிட ஏழு வயசு இளையது!

கதை கொஞ்சம் முன்னாலேயே ஆரம்பிக்கிறது. 1821-இல் பி.எஸ்.வார்டு பழனி மலையை அளக்க வந்தார். 1834-இல் மதுரையில் இறங்கிய அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் ஆட்களைப் பறிகொடுத்தார்கள். முதலில் சிறுமலையை முயன்று பார்த்தார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. 1845-இல் கொடைக்கானலில் 'சன்னிசைடு', 'ஷெல்டன்' என்று இரண்டு பங்களாக்கள் எழுந்தன. அப்போது ஏரி கிடையாது. சதுப்பு நிலமும் ஓடையும்தான்.

மதுரைக் கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் அந்த ஓடைக்குக் குறுக்கே அணை கட்டினார். சுமார் 60 ஏக்கரில் நட்சத்திர வடிவில் தண்ணீர் நின்றது. மீன் விடப்பட்டது; முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்தது. வண்டிப் பாதை 1914 வாக்கில்தான் தயாரானது. அதுவரை வெள்ளைக்காரர்கள் டோலியில்தான் மலையேறினார்கள். அப்படியென்றால் அந்தப் படகும் கூலியாட்களின் தோளில்தான் ஏறியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஓய்வுக்குப் பிறகு அங்கேயே தங்கிவிட்ட லெவிஞ்சுக்கு ஊரில் நினைவுச் சிலுவை இருக்கிறது. மண் சுமந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை.

இதற்கெல்லாம் முன்னால் மலை காலியாகக் கிடந்ததா என்றால், அதுவும் இல்லை. பளியரும் குன்னுவரும் இருந்தார்கள். வில்பட்டி, பூம்பாறை போன்ற ஊர்கள் இருந்தன. அவர்களுக்கும் வெகுகாலம் முந்திய கல்திட்டைகளைப் பற்றி 1928-இல் தொல்லியல் துறை தனி நூலே வெளியிட்டது. 'கண்டுபிடித்தார்கள்' என்ற சொல்லை இங்கே யோசித்துத்தான் போடணும்.

சதுப்பு நிலம் வீண் நிலம் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. ஆனால் சோலைக்காடும் புல்வெளியும் சதுப்பும் சேர்ந்துதான் மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையில் மெதுவாகக் கசிய விடுகின்றன. கீழே பழனி, பெரியகுளம் பக்கத்து வயல்களுக்கு அதுதான் சேமிப்பு. பிற்பாடு பெரும்பாலான புல்வெளிகளில் யூகலிப்டஸும் வாட்டில் மரமும் ஏறின.

ஏரி ஒரு கிண்ணம் மாதிரி. ஊர் சுற்றிலும் மேட்டில் இருக்கிறது. எது கழிந்தாலும் அதில்தான் இறங்கும். 2001-இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலை ஏரிக்கரையில் இல்லை. ஆனாலும் பின்னால் நடந்த ஆய்வில் ஏரி மீன்களில் பாதரசம் இருப்பது தெரிந்தது. பாதரசம் ஆவியாகிக் காற்றில் போகும், பிறகு மழையோடு இறங்கும். ஏரியில் வழிகிற தண்ணீர் வெள்ளி அருவியாக விழுந்து சமவெளிக்குப் போகிறது. நாம் செல்பி எடுக்கிறது அந்த அருவியில்தான்.

ஏரியின் வயசை நான் கேட்கிற காரணம் இதுதான். இயற்கையான ஏரி என்று நம்பினால், 'இயற்கை பார்த்துக்கொள்ளும்' என்று விட்டுவிடலாம். இது மனுஷன் கட்டின நீர்த்தேக்கம். கரை, மதகு, வண்டல், சாக்கடை என ஒவ்வொன்றுக்கும் யாராவது பொறுப்பேற்றுப் பார்த்தாகணும். அதில் அங்கே குடியிருப்பவர்களுக்கு எவ்வளவு பங்கோ, இரண்டு நாள் ரூம் போட்டுத் தங்கிவிட்டு வருகிற நமக்கும் கொஞ்சம் உண்டு.