கரணி: கயிற்றில் பிறந்த கணக்கு

சென்ற மே மாத விடுமுறைக்குப் புனேயிலிருந்து வந்த என் பேரன், ஒன்பதாம் வகுப்புக் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். √2 + √8 = √10 என்று போட்டிருந்தான். டீச்சர் சிவப்பு மையால் அடித்திருந்தார். "பெருக்கும்போது மட்டும் உள்ளேயே பெருக்கி √16, அதாவது 4 என்று எழுதலாமாம். கூட்டினால் ஏன் தாத்தா தப்பு?" என்றான். பி.எஸ்ஸி. படித்து, சர்க்கார் உத்தியோகத்தில் முப்பத்தைந்து வருஷம் கூட்டிக் கழித்தவன் நான். விதி தெரியும், காரணம் சட்டென்று வாயில் வரவில்லை.

அலமாரியில் இரண்டாம் பாஸ்கராசாரியரின் பீஜகணிதம் இருந்தது. கோல்புரூக் 1817-ல் லண்டனில் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பின் மறுபதிப்பு. 12-ம் நூற்றாண்டு நூலான அதில் இதே 2, 8 கணக்கு இருக்கிறது! முழு எண்ணாக வராத வர்க்கமூலத்துக்கு அவர் சொல்லும் பெயர் 'கரணி'. எண்ணுக்கு முன்னால் 'க' என்று எழுதினால் போதும், அதுதான் அந்தக் காலத்து √ குறி.

அவர் முறை இது. 2, 8 இரண்டையும் கூட்டினால் 10. பெருக்கினால் 16, அதன் மூலம் 4, அதை இரட்டித்தால் 8. பத்தோடு எட்டைக் கூட்டினால் 18, கழித்தால் 2. ஆகவே √2 + √8 = √18. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் √2. அடுத்த உதாரணம் 3, 27: விடைகள் √48, √12. மூன்றாவதாக 3, 7 கொடுக்கிறார். பெருக்கினால் 21, அது வர்க்க எண் இல்லை. ஆகவே இரண்டையும் சேர்க்காமல் தனித்தனியே வைக்க வேண்டியதுதான்.

பேரனுக்கு இதைப் படம் போட்டுக் காட்டினேன். பரப்பு 2 உள்ள சதுரம் ஒன்று, பரப்பு 8 உள்ள சதுரம் ஒன்று. பெரியதன் பக்கம் சிறியதன் பக்கத்தைப் போல இரண்டு மடங்கு. இரு பக்கங்களையும் ஒரே கோட்டில் நீட்டி வைத்தால் மூன்று மடங்கு. அதன் மேல் சதுரம் எழுப்பினால் பரப்பு ஒன்பது மடங்கு, அதாவது 18. நாம் கூட்டுவது பக்கங்களை, பரப்புகளை அல்ல. அவன் கூட்டியது பரப்புகளை.

பெருக்கலுக்கும் ஒரு நல்ல உத்தி வைத்திருக்கிறார். √2, √3, √8 மூன்றின் கூட்டலை, √3-உம் 5-உம் சேர்ந்த தொகையால் பெருக்க வேண்டும். முதலில் √2-ஐயும் √8-ஐயும் √18 ஆக்கிவிடுகிறார். 5-ஐ √25 என்று மாற்றிக்கொள்கிறார். பிறகு எல்லாம் ஒரே ஜாதி. விடை 3 + √450 + √75 + √54. வகுத்தலில், கீழே உள்ள ஒரு கரணியின் குறியை மாற்றி மேலும் கீழும் பெருக்கும் வழியை, அவருக்கு முன்பே 628-ல் பிரம்மகுப்தர் சொல்லிவிட்டார்.

கரணி என்ற சொல் அதற்கும் பழையது. அபிவாதயேயில் போதாயன ஸூத்ர, ஆபஸ்தம்ப ஸூத்ர என்கிறோமே, அவர்கள் பெயரால் சுல்ப ஸூத்திரங்களும் உண்டு. வேதி அமைக்கக் கயிற்றால் அளக்கும் சாஸ்திரம் அது. பரப்பை இரட்டிக்கும் பக்கம் 'த்விகரணி', மும்மடங்காக்குவது 'த்ரிகரணி'. பக்கத்தோடு அதன் மூன்றில் ஒரு பங்கு, அதில் கால் பங்கு இவற்றைச் சேர்த்து, அந்தக் கால் பங்கில் 34-ல் ஒரு பங்கைக் கழித்தால் த்விகரணி வரும் என்கிறார்கள். கணக்கிட்டால் 577/408.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில வருஷங்களுக்கு முன் நம் கிளைக் கூட்டத்தில், "√2-இன் மிகச் சரியான மதிப்பை நம் ரிஷிகள் அன்றே கண்டுவிட்டார்கள்" என்று பேசிக் கைதட்டலும் வாங்கினேன். பேரன் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தான். 577-இன் வர்க்கம் 3,32,929. 408-இன் வர்க்கத்தை இரட்டித்தால் 3,32,928. ஒன்று அதிகம்! பத்து மீட்டர் பக்கமுள்ள சதுரத்தின் மூலைவிட்டத்தில் இந்தப் பிழை ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். கயிற்றுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனாலும் சரியான மதிப்பு இல்லை. ஸூத்திரக்காரர்களே இதை 'ஸவிசேஷம்' என்றார்கள். சிறு வித்தியாசத்தோடு கூடியது என்று பல அறிஞர்கள் பொருள் சொல்கிறார்கள். √2-ஐப் பின்னமாக எழுதவே முடியாது என்ற நிரூபணம் சுல்பத்தில் இல்லை, அது கிரேக்கர்களுடையது.

அன்று கூட்டத்துக்கு வந்திருந்த அங்கத்தினர்கள் இதை என் திருத்தமாக ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.