பாதரசம் இறங்கும்போது

பல ஆண்டுகளுக்கு முன், மாரடைப்புற்ற என் தந்தையாரின் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தேன். நெடுநாளாக அவருடைய இரத்த அழுத்தம் 170க்குக் கீழே வந்ததில்லை. அன்றிரவு அளந்து பார்த்த தாதி, 84 என்றார். நல்ல வேளை, இறங்கிவிட்டதே என்று நான் மகிழ்ந்தேன். மருத்துவரின் முகமோ வாடியது. விடியுமுன் என் அறியாமை எனக்கே விளங்கிவிட்டது. அதுதான் இவ்வரலாற்றைத் தேடிப் படிக்கத் தூண்டியது.

குருதியின் விசையை முதலில் அளந்து நூலில் எழுதியவர் மருத்துவர் அல்லர். ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார். பெண்குதிரை ஒன்றைக் கட்டிக் கிடத்தி, தொடையின் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதனோடு நெடிய கண்ணாடிக் குழாயை இணைத்தார். குருதி 8 அடி 3 அங்குலம் ஏறி நின்றது. அத்துடன் அவர் விட்டாரில்லை. குருதியைச் சிறிது சிறிதாக வெளியேற்றி, குதிரை மடியும்வரை அவ்வுயரம் தாழ்ந்து வருவதைக் குறித்துக்கொண்டார். கொடிய சோதனைதான், படிக்கையில் மனம் கூசுகிறது. ஆயினும், 1733இல் வெளிவந்த அந்நூலிலேயே அழுத்தம் தாழ்வதும் உயிர் பிரிவதும் அருகருகே எழுதப்பட்டுவிட்டன.

1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி, மேற்கையில் காற்றுப்பட்டை கட்டிப் பாதரசத்தால் அளக்க வழி கண்டார். நாடி மறைவதை விரலால் அறிந்தமையால் மேலெண் மட்டுமே கிட்டியது. 1905இல் ரஷ்ய நாட்டவரான கொரொட்காவ், பட்டைக்குக் கீழே ஒலி எழுவதையும் அடங்குவதையும் ஸ்டெதாஸ்கோப்பால் கேட்டார், கீழெண்ணும் கிடைத்தது.

கருவி பரவியபின் அச்சமெல்லாம் உயர்ந்த அழுத்தத்தின்மேல் குவிந்தது. அது பிழையன்று. ஆண்டுக்கணக்கில் உயர்ந்து நிற்கும் அழுத்தம் இதயத்தையும் மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. ஆனால் மாரடைப்பு நேர்ந்த வேளையின் கணக்கு வேறு. 1967இல் நியூயார்க்கில் கில்லிப், கிம்பல் என்னும் இருவர் 250 நோயாளரை நான்கு வகுப்பாகப் பிரித்துக் காட்டினர். இதயத் தளர்ச்சியின் குறி காணாதோரில் நூற்றுக்கு 6 பேர் இறந்தனர். அழுத்தம் 90 அளவுக்குத் தாழ்ந்து, வியர்த்து, கைகால் குளிர்ந்து, சிறுநீர் குன்றிய வகுப்பிலோ நூற்றுக்கு 81 பேர்!

இதயத் தளர்ச்சியால் மருத்துவமனை சேர்ந்த 48,000க்கு மேற்பட்ட அமெரிக்கரைப் பற்றிய ஆய்வு 2006இல் வந்தது. சேரும்போது மேலெண் 120க்குக் குறைந்திருந்தோரில் நூற்றுக்கு 7.2 பேர் அங்கேயே இறந்தனர். 161க்கு மேலிருந்தோரில் 1.7 பேரே. உயர்ந்த அழுத்தம் அவர்களைக் காத்தது என்று கொள்ளலாகாது. தள்ளும் வலிமை இதயத்துக்கு இன்னும் இருந்தது என்பதற்கு அது அடையாளம்.

ஆகவே எண்ணை மட்டும் மருந்தால் உயர்த்திப் பயனில்லை. அடைபட்ட தமனியைத் திறக்க வேண்டும். மாரடைப்பால் அழுத்தம் வீழ்ந்தோர்க்கு விரைந்து அவ்வாறு செய்தபோது, ஆறு மாதங்கழித்து உயிரோடிருந்தோர் மிகுதி என்று 1999இல் வந்த ஆய்வு காட்டிற்று. என் தந்தையார் கிடந்த ஊரில் அன்று அதற்கு வழியில்லை.