மார்பும் இதயமும்: ஓர் அறுவைத்துறைச் சங்கத்தின் பெயர்வரிசையும் தொப்பூர்க் கணவாயும்

இந்தியாவின் இதய, மார்பறுவை மருத்துவர்கள் ஒன்றுகூடி நடத்தும் சங்கத்தின் பெயரில் இதயமும் இரத்தநாளங்களும் முதலில் நிற்க, மார்பு அவற்றின் பின்னே வருகிறது. ஆனால் 1982 முதல் வெளிவரும் அச்சங்கத்தின் ஆய்விதழ் மார்பை முன்னே வைத்து இதயத்தைப் பின்னே வைக்கிறது. இந்த வேறுபாடு எக்காரணத்தால் அமைந்ததாயினும், அத்துறையின் வரலாற்றில் எது முதலில் வந்தது, எது பின்னர் அதனை மிஞ்சி வளர்ந்தது என்பதை அவ்விரு பெயர்களும் சேர்ந்தே உணர்த்துகின்றன. அவ்வரலாற்றின் பெரும்பகுதி வேலூரிலும் சென்னையிலும் நிகழ்ந்தது. அதில் தீராமல் நிற்கும் கணக்கொன்றைத் தருமபுரி மாவட்டத்தின் தொப்பூரில் காணலாம்.

உடலின் பிற பகுதிகளில் அறுவை மருத்துவம் தேர்ச்சி பெற்ற பிறகும் மார்பு நெடுங்காலம் எட்டாத இடமாகவே இருந்தது. மார்புக்கூட்டின் உள்ளழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவாக இருப்பதால்தான் நுரையீரல் விரிந்து நிற்கிறது; மார்பைத் திறந்தவுடன் காற்று உட்புகுந்து நுரையீரல் சுருங்கிவிடும். இதற்கு விடையாக ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபெர்டினாண்ட் சவர்ப்ரூஹ் 1904-இல் அழுத்தம் குறைத்த அறையொன்றை அமைத்து, நோயாளியின் தலை மட்டும் வெளியே இருக்க, உடலை அறைக்குள் வைத்து அறுவை செய்யும் முறையை அறிமுகப்படுத்தினார். அதைவிட எளிய வழியாக, மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்திக் காற்றையும் மயக்க மருந்தையும் ஊட்டும் முறையை உருவாக்கியவர்களுள் ஒருவர் சாமுவேல் மெல்ட்சர் என்னும் உடலியங்கியலாளர். 1917-இல் அமெரிக்காவில் மார்பறுவைக்கெனத் தனிச் சங்கம் தோன்றியபோது, அறுவை மருத்துவரல்லாத அவரே அதன் முதல் தலைவரானார். மூச்சையும் மயக்கத்தையும் அறிந்தவர் துணையின்றி மார்பைத் திறக்க இயலாது என்பதால், இத்துறையின் சங்கங்கள் தொடக்கத்திலிருந்தே பல துறையினர் கூடும் இடங்களாக இருந்தன.

தமிழ்நாட்டில் மார்பறுவைக்குத் தேவையை உண்டாக்கியது காசநோய். உரிய மருந்துகள் வருவதற்கு முன்பு ஓய்வும் நல்ல காற்றும் உணவுமே அந்நோய்க்கான சிகிச்சையாக இருந்தன. அவற்றை அளிக்கும் நலவாழ்வு விடுதியாகிய சானடோரியம் ஒன்றை டேவிட் சௌரி முத்து 1928-இல் தாம்பரத்தில் நிறுவ, அதனை 1937-இல் அரசு ஏற்றுக்கொண்டது. இன்றும் அவ்வூரின் ஒரு பகுதியும் அங்குள்ள ரயில் நிலையமும் சானடோரியம் என்றே வழங்கப்படுகின்றன. ஓய்வு பலனளிக்காத நோயாளிகளுக்கு, புண்ணான நுரையீரலுக்கு அசைவின்றி ஓய்வு தரும் பொருட்டு அதனைச் சுருங்கச் செய்யும் முறை கையாளப்பட்டது. மார்பினுள் காற்றைச் செலுத்துவது அதன் எளிய வடிவம். விலா எலும்புகள் சிலவற்றை நீக்கி மார்புச் சுவரையே உள்நோக்கி அமிழ்த்தும் தோரகோபிளாஸ்டி அதன் கடுமையான வடிவம்.

இப்பணியை முறையான கல்வியாக மாற்றிய இடம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. 1948-இல் அங்கு வந்த அமெரிக்க மார்பறுவை மருத்துவர் ரீவ் பெட்ஸ் மார்பறுவைக்கெனத் தனித்துறையை உருவாக்கி இந்திய மருத்துவர்களுக்குப் பயிற்சியளித்தார். நாட்டில் இத்துறைக்கு அமைந்த முதல் தனிப் பயிற்சிக்களமாக அது மதிக்கப்படுகிறது. பயிற்சி பெற்றோர் பல ஊர்களுக்கும் பரவியபின் அவர்கள் ஆண்டுக்கொரு முறையேனும் கூட வேண்டிய தேவை எழுந்தது. 1938-இல் தோன்றியதும் சென்னையில் தலைமையிடம் கொண்டதுமான இந்திய அறுவை மருத்துவர் சங்கத்துக்குள் 1950-களில் மார்பறுவையாளர் தனிப் பிரிவாகத் திரண்டனர். அப்பிரிவே பின்னாளில் தனிச் சங்கமாக வளர்ந்தது. அரிய நோயொன்றில் தனி மருத்துவர் ஒருவர் பெறும் அனுபவம் சிறிதாகவே இருக்கும் என்பதால், பலருடைய வெற்றி தோல்விகளை ஒரே அவையில் வைத்து ஒப்பிடுவதே இத்தகைய சங்கத்தின் முதற்பயன்.

ஆனால் அந்தத் தனிப் பிரிவு வேரூன்றிய அதே பத்தாண்டில் அதன் அடிப்படையான நோயின் நிலை மாறிற்று. சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் அமைந்த காசநோய் மருந்தாய்வு மையம், நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் சானடோரியத்திலும் மற்றதற்கு வீட்டிலும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்துப் பார்த்தது. நெரிசலான குடியிருப்புகளில் வறிய உணவுடன் வாழ்ந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமடைந்தனர் என்பது 1959-இல் வெளியானது. உலகெங்கும் சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்த ஆய்வுகளுள் இது முதன்மையானது. விலா எலும்பை நீக்கும் அறுவைக்குத் தேவை அருகியது. மார்பைத் திறக்கும் திறன் மட்டும் மருத்துவர் கையில் எஞ்சியது.

அத்திறன் இதயத்தை நோக்கித் திரும்பியது. இளமையில் தொண்டையழற்சியைத் தொடர்ந்து வரும் முடக்குவாதக் காய்ச்சல் இதயத்தின் ஈரிதழ் வால்வைத் தடிக்கச் செய்து அதன் வாயைக் குறுக்கிவிடும். துடிக்கும் இதயத்தினுள் விரலைச் செலுத்தி ஒட்டிய இதழ்களைப் பிரித்துவிடும் முறை 1948-இல் அமெரிக்காவில் வெற்றி கண்டபின் விரைவில் இந்தியாவுக்கும் வந்தது. இதயத்தை நிறுத்தித் திறப்பதற்கு, அதன் வேலையையும் நுரையீரலின் வேலையையும் வெளியில் இருந்து செய்யும் இயந்திரம் வேண்டும். அதனை 1953-இல் ஜான் கிப்பன் வெற்றியுடன் பயன்படுத்தினார். வேலூரில் என். கோபிநாத் 1961-இல் திறந்த இதய அறுவையைச் செய்தார். நாட்டில் வெற்றியடைந்த முதல் திறந்த இதய அறுவையாக அக்கல்லூரி அதனைக் குறிப்பிடுகிறது. பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே.எம். செரியன் 1975-இல் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையை, அதாவது அடைபட்ட இதயத் தமனிக்கு மாற்றுவழி அமைக்கும் அறுவையைச் செய்தார். அதன்பின் இத்துறையின் பெயரும் பொருளும் பெருமையும் இதயத்தையே சார்ந்தன. இதயத்துக்கும் மார்புக்கும் ஒரே உயர்பட்டப் படிப்பே இன்றும் உள்ளதெனினும், அதனை முடித்தோருள் மார்பறுவையை மட்டுமே தொழிலாகக் கொள்வோர் சிலரே.

இந்தச் சாய்வின் விளைவைப் பெருநகர மருத்துவமனையைவிட நெடுஞ்சாலை தெளிவாகக் காட்டுகிறது. தருமபுரி மேட்டுநிலத்திலிருந்து சேலம் சமவெளிக்கு இறங்கும் தொப்பூர்க் கணவாய், மைசூர்ப் போர்க்காலத்தில், 1790-இல், திப்புவின் படை கடந்த வழி. இன்று காஷ்மீரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அதன் ஊடே செல்கிறது. சரக்கேற்றிய லாரிகள் இந்த இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிப்பதாலோ, டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறக்கப்படுவதாலோ கட்டுப்பாடிழந்து முன்செல்லும் வாகனங்கள்மீது மோதுவது இங்கு மீண்டும் மீண்டும் நிகழ்வது. இரட்டைப் பாலம் அமைந்த பகுதி அதற்குப் பெயர்பெற்றுவிட்டது. இத்தகைய மோதலில் ஸ்டியரிங் சக்கரம் ஓட்டுநரின் நெஞ்சில் இடிக்க, விலா முறிந்து நுரையீரலைக் குத்தி, மார்பினுள் காற்றோ குருதியோ நிறையலாம். அப்போது சுருங்கும் நுரையீரல் உயிருக்கே ஆபத்தாகிறது.

இந்நிலைக்கு உரிய முதல் மருத்துவம் பெரும்பாலும் மார்பைத் திறப்பதன்று. விலாக்களுக்கிடையே ஒரு குழாயைச் செலுத்தி, அதன் மறுமுனையை நீருள்ள புட்டியில் அமிழ்த்தினால், காற்றும் குருதியும் வெளியேறும், வெளிக்காற்று உட்புகாது, நுரையீரல் மீண்டும் விரியும். சீழ் கட்டிய மார்பை இவ்வாறு மூடிய வழியில் வடிப்பதே பாதுகாப்பானது என்பது 1918-ஆம் ஆண்டின் இன்ஃபுளுயன்சாக் கொள்ளைநோயின்போது எவர்ட்ஸ் கிரகாம் போன்றோர் நிலைநாட்டிய பாடம். காசநோய் வார்டுகளில் தலைமுறை தலைமுறையாகப் பழகிய கைத்திறன் அது.

தமிழ்நாட்டில் 2008-இல் 108 ஆம்புலன்ஸ் சேவையும், 2021 டிசம்பரில் விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் திட்டமும் தொடங்கின. 2008-இல் உருவான தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியும் கணவாய்க்கு அருகிலேயே உள்ளது. காயமடைந்தவர் மருத்துவமனையை அடையும் வழி இவற்றால் குறுகியிருக்கிறது. ஆனால் அங்கே பணியிலிருக்கும் இளம் மருத்துவரின் கை அந்தக் குழாயைத் தயங்காமல் செலுத்தப் பழகியிருந்தால்தான் அவ்வழி முழுமையடையும். வால்வுகளுக்கும் பைபாஸுக்கும் ஆண்டுதோறும் அரங்குகள் நடத்தும் சங்கம், நெடுஞ்சாலையோர மருத்துவமனைகளின் மருத்துவர்களுக்கு இந்த எளிய திறனைக் கற்பிப்பதையும் தன் தலையாய கடமைகளுள் ஒன்றாகக் கொள்ள வேண்டும். அது புதிய பணியன்று, அச்சங்கம் தோன்றியதற்குக் காரணமான பணியே ஆகும்.