ஓர் எண்ணும் அதனுள் உறைந்த உழைப்பும்

கணித உண்மைகள் காலத்துக்கும் சமூகத்துக்கும் அப்பாற்பட்டவை என்னும் கருத்து கல்வியுலகில் ஆழ வேரூன்றியுள்ளது. ஓர் எண்ணின் பண்பு மனித விருப்பத்தைச் சார்ந்ததன்று என்பது உண்மையே. ஆயின், அப்பண்பு அறியப்பட்ட முறையும் பயன்கொள்ளப்பட்ட முறையும் வரலாற்றுக்குட்பட்டவை. 147573952589676412927 என்னும் எண்ணின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

2இன் 67ஆம் வலுவிலிருந்து 1ஐக் கழிக்கக் கிடைப்பது இவ்வெண். இது முதன்மை எண், அதாவது 1இனாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுவது, என 1644இல் மரின் மெர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி எழுதினார். நிறுவல் எதுவும் தரப்படாதிருந்தும் அக்கூற்று இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக மறுக்கப்படாதிருந்தது. 1876இலேயே எதுவார் லூக்கா அது முதன்மை எண்ணன்று என நிறுவினார். எனினும், அதன் காரணிகள் எவை என்பதை அவரது முறை காட்டவில்லை.

1903 ஒக்டோபரில் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டமொன்றில் பிராங்க் நெல்சன் கோல் அக்காரணிகளை முன்வைத்தார். அவை 193707721, 761838257287 என்பன. இவற்றைப் பெருக்கிச் சரிபார்ப்பதற்குத் தாளும் பென்சிலும் கொண்ட மாணவனுக்கு அரைமணி நேரம் போதும். கண்டறிவதற்கோ மூன்றாண்டுக் கால ஞாயிற்றுக்கிழமைகள் தேவைப்பட்டன எனக் கோல் கூறியதாக ஈ. ரி. பெல் பதிவுசெய்துள்ளார். முடிவின் எளிமை, அதனுள் உறைந்த உழைப்பினை மறைத்துவிடுகின்றது.

பெருக்குதல் எளிது, காரணிகளைக் கண்டறிதல் அரிது என்னும் இவ்வேறுபாடே, மிகப் பெரிய எண்களைக்கொண்டு 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் ஆகியோர் வகுத்த மறைகுறியீட்டு முறைக்கு அடிப்படையாயிற்று. அவ்வாண்டிலேயே அறைகூவலாக வெளியிடப்பட்ட 129 இலக்க எண்ணொன்றினை, 1994இல் ஏறத்தாழ 600 தன்னார்வலர்கள் தத்தம் கணினிகளின் ஆற்றலை ஒன்றிணைத்துக் காரணிப்படுத்தினர். மறுபுறத்தே, அம்முறைக்கு 1983இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமை 2000ஆம் ஆண்டுவரை நீடித்தது. முன்னையது கூட்டுழைப்பு, பின்னையது தனியுடைமை.

பல தலைமுறையினரின் உழைப்பால் பொதுச்சொத்தாக வளர்ந்த எண்ணியல் அறிவின்மீதே அவ்வுடைமையுரிமை எழுப்பப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. கணித வரலாறு பேரறிஞர்தம் பெயர்ப்பட்டியலாக மட்டும் கற்பிக்கப்படும்வரை இத்தொடர்பு மாணவர்க்குப் புலப்படாது. எண்ணின் பண்பினைக் கற்பிக்குமிடத்து, அதனை அறிந்த உழைப்பையும் அதனால் பயன்பெற்றோரையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.