வட்டத்துள் ஒரு பெயர்



பெற்றோலியச் சுத்திகரிப்பு நிலையமொன்றைத் தொலைவில் நின்று நோக்குவோர்க்கு அது குழாய்களாலான பெருங்காடு போலத் தோன்றும். எந்தக் குழாய் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதைக் கண்ணாற் தொடர்ந்து அறிதல் அரிது. அங்கே தொழில் செய்வோர்க்கு வழிகாட்டுவது ஒரு வரைபடமே. கலங்களையும் பம்பிகளையும் குழாய்களையும், அவற்றிற் பொருத்திய அளவுகருவிகளையும் அவ்வரைபடம் கோடுகளாலும் குறியீடுகளாலும் காட்டுகின்றது. அக்குறியீடுகள் தோன்றிய வரலாற்றையும், அவற்றுள் எழுதப்படும் சிறு பெயருக்கும் மனித உயிருக்கும் உள்ள தொடர்பையும் இன்று நோக்குவோம்.

பழைய ஆலைகளிற் கருவிகள் சிலவே இருந்தன. தொழிலாளி அமுக்கமானியைப் பார்ப்பான். பின்னர் தன் கையாலேயே வால்வைத் திருப்புவான். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் காற்றமுக்கத்தால் இயங்கும் கட்டுப்படுத்திகள் பரவின. கருவி தானே அளந்து, தானே வால்வைத் திறக்கவும் மூடவும் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமான எரிபொருளும் செயற்கை இறப்பரும் பெருமளவில் வேண்டப்பட்டமையால், ஐக்கிய அமெரிக்காவில் இத்தகைய ஆலைகள் பெருகின. ஆலையை வரைபவர் ஒருவர், கட்டுபவர் வேறொருவர், இயக்குபவர் மற்றொருவர். மூவரும் ஒரே குறியீட்டை ஒரே பொருளிற் படித்தல் இன்றியமையாததாயிற்று.

1945ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் பிற்ஸ்பேர்க் நகரில் அமெரிக்கக் கருவியியற் கழகம் நிறுவப்பட்டது. அல்பேட் ஸ்பெரி என்பார் அதன் முதற் தலைவராக விளங்கினார். 1949இல் அக்கழகம் கருவிக் குறியீடுகள் பற்றிய பரிந்துரையொன்றை வெளியிட்டது. பின்னர் அது பலமுறை திருத்தி விரிக்கப்பட்டது. கணினிக் கட்டுப்பாடு ஆலைகளுட் புகுந்தபின் வெளிவந்த 1984ஆம் ஆண்டுப் பதிப்பும் அவற்றுள் ஒன்றாகும்.

அம்முறையின் அடிப்படை மிக எளியது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு சிறு வட்டம் உண்டு. வட்டத்தின் குறுக்கே கோடு இல்லையாயின், கருவி குழாயின் அருகே வெளியிடத்தில் உள்ளது. கோடு இருப்பின், கட்டுப்பாட்டு அறையின் பலகையில் உள்ளது. வட்டத்துள் ஆங்கில எழுத்துகள் சில அமையும். முதலெழுத்து எதனை அளக்கின்றோம் என்பதைச் சொல்லும். பீ என்பது அமுக்கம். ரீ என்பது வெப்பநிலை. எஃப் என்பது பாய்ச்சல். எல் என்பது திரவ மட்டம். அடுத்து வரும் எழுத்துகள் கருவியின் தொழிலைச் சொல்லும். ஐ எனின் காட்டுவது. சீ எனின் கட்டுப்படுத்துவது. வீ எனின் வால்வு. எழுத்துகளின் பின் ஓர் இலக்கம் வரும். ஆகவே ரீ.ஐ.சீ. 101 என்று கண்டவுடன், வெப்பநிலையைக் காட்டிக் கட்டுப்படுத்தும் 101ஆம் கருவி அது என்பது தெளிவாகும். ஓர் ஆலையில் ஒரு கருவிக்கு ஒரு பெயர். அப்பெயர் வேறொன்றுக்கு இல்லை.

இனி, பீ.எஸ்.வீ. 504 என்னும் பெயரை நோக்குவோம். பீ அமுக்கத்தையும், எஸ் பாதுகாப்பையும், வீ வால்வையும் குறிக்கும். அமுக்கம் எல்லை மீறின் தானே திறந்து காக்கும் வால்வு அது. ஸ்கொட்லாந்தின் அபடீன் நகருக்கு வடகிழக்கே, வட கடலில் நின்ற பைப்பர் அல்பா என்னும் எண்ணெய் மேடையில், இரட்டைப் பம்பிகளுள் ஒன்றைக் காத்து நின்றது அவ்வால்வு.

1988ஆம் ஆண்டு யூலை மாதம் 6ஆந் திகதி, சோதனைக்காக அவ்வால்வைக் கழற்றினர். திறந்த குழாய்வாயைத் தற்காலிகமாக ஓர் உலோகத் தகட்டால் மூடினர். அன்று மாலைக்குள் வேலை முடியவில்லை. பம்பியின் திருத்த வேலைக்கு ஓர் அனுமதித்தாளும், வால்வின் வேலைக்கு வேறோர் அனுமதித்தாளும் இருந்தன. ஒன்றில் மற்றொன்றைப் பற்றிய குறிப்பு இல்லை. இரவு 10 மணிக்குச் சற்று முன் மற்றப் பம்பி நின்றுபோயிற்று. இரவு முறையினர் முதற் பம்பியின் தாளைக் கண்டனர். அதன் திருத்த வேலை இன்னும் தொடங்கவில்லை என்று அறிந்தனர். வால்வு கழற்றப்பட்ட செய்தி அவர்களை எட்டவில்லை. பம்பியை இயக்க முற்பட்டனர். மூடிய தகட்டின் வழியே எரிபொருள் கசிந்து வெடித்தது என்பதே பின்னர் நடந்த விசாரணையின் முடிபு. 167 பேர் உயிரிழந்தனர். 61 பேர் உயிர் தப்பினர்.

விசாரணையை நடத்திய கலன் பிரபு 1990இல் வெளியிட்ட அறிக்கையில் 106 பரிந்துரைகளைக் கூறினார். அனுமதித்தாள் முறையைச் சீர்செய்தலும் அவற்றுள் அடங்கும்.

இவ்வால்வுக்கும் பெயர் இருந்தது. அப்பெயரிற் பிழையும் இல்லை. இத்தகைய வரைபடத்தில் பம்பியையும் அதன் பாதுகாப்பு வால்வையும் ஒரு கோடு இணைத்தே காட்டும். தாள்களில் அந்த இணைப்பு இல்லாது போயிற்று. வரைபடத்தில் எழுதிய பெயரே கருவியின் தகட்டிலும், அனுமதித்தாளிலும், முறை மாறும் வேளையில் ஒருவர் மற்றவர்க்குச் சொல்லும் சொல்லிலும் வருதல் வேண்டும். கருவியொன்றின் பெயரை எழுதுபவர், அதனோடு கோட்டால் இணைந்தவற்றின் பெயரையும் எழுதுதல் வேண்டும். அவர் வீடு சென்றபின் அங்கே வேலைக்கு வருபவனுக்கு அத்தாளே துணை.