சென்னைப் புறநகரும் இருவகைத் திறன்பேசிகளும்

ஒரே ஆண்டில் வெளிவரும் ஒரு மின்னணுக் கருவியை அடிப்படை வகை, உயர்வகை என இரண்டாகப் பிரித்து விற்பது இன்று உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. இந்தப் பிரிவின் வரலாற்றைத் தாம்பரத்தை ஒட்டிய சென்னையின் தென்மேற்குப் புறநகரிலும் காணலாம். ஐபோனின் அடிப்படை வகை இங்கு 2019-இல் தயாராகத் தொடங்கியது. உயர்வகையான 'புரோ' 2024-இல்தான் வந்து சேர்ந்தது.

தொழில் வட்டாரத்தின் தொடக்கம்

தாம்பரம் சானடோரியத்தில் 1984-இல் 'மெப்ஸ்' எனப்படும் ஏற்றுமதிச் செயலாக்க மண்டலம் நிறுவப்பட்டது. தாம்பரத்திலிருந்து முடிச்சூர், மணிமங்கலம் வழியாகச் செல்லும் சாலை ஸ்ரீபெரும்புதூரை அடைகிறது. அங்கே 2006-இல் நோக்கியா தன் கைப்பேசி ஆலையைத் தொடங்கியது. டார்ச் விளக்கு கொண்ட, தூசு புகாத நோக்கியா 1100 போன்ற எளிய கைப்பேசிகள் அங்கு உருவாயின. உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்ற கைப்பேசி அது.

தொடுதிரைக் காலம் வந்ததும் நோக்கியா பின்தங்கியது. அதன் கைப்பேசிப் பிரிவை 2014-இல் மைக்ரோசாப்ட் வாங்கியபோது, வரி வழக்கின் காரணமாக இந்த ஆலை மட்டும் விடுபட்டது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர்.

இரு வகைகள் பிரிந்த விதம்

2007 முதல் 2012 வரை ஆப்பிள் நிறுவனம் ஆண்டுக்கு ஒரு புதிய ஐபோனையே வெளியிட்டது. 2013-இல் 5எஸ், 5சி என இரண்டு வந்தன. பிளாஸ்டிக் உறை கொண்ட 5சியில் முந்தைய ஆண்டின் சில்லு இருந்தது. 'புரோ' என்ற பெயர் 2019-இல் சேர்ந்தது.

2017 முதல் 2021 வரை ஒவ்வோர் ஆண்டும் இரு வகைகளுக்கும் ஒரே தலைமுறைச் சில்லுதான். 2022-இல் இது மாறியது. ஐபோன் 14 புரோவுக்குப் புதிய ஏ16 கிடைக்க, ஐபோன் 14-இல் பழைய ஏ15 தொடர்ந்தது. இந்தியாவில் ஐபோன் 13, ஐபோன் 14 இரண்டின் அறிமுக விலையும் 79,900 ரூபாய்தான். சென்ற ஆண்டுக் கருவிக்கும் இந்த ஆண்டுக் கருவிக்கும் உள்ள வேறுபாடு சுருங்கியபோது, ஒரே ஆண்டின் இரு வகைகளுக்கு இடையே வேறுபாடு பெருகியது.

வேறுபாடு எப்போதும் தொழில்நுட்பத் தடையால் வருவதில்லை. நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் திரை 2021-இல் 13 புரோவுக்கு வந்தது. பல மடங்கு விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் அது அப்போதே இருந்தது. ஆயினும் ஐபோனின் அடிப்படை வகை அதைப் பெற 2025-இல் ஐபோன் 17 வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

புறநகரில் உற்பத்தி

2018-இல் வெளியான ஐபோன் எக்ஸ்ஆர் ஓராண்டுக்குப் பின்னரே ஸ்ரீபெரும்புதூரிலுள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் தயாரானது. இந்த இடைவெளி விரைவில் குறைந்தது. ஐபோன் 14 வெளியான சில வாரங்களில் இங்கும் உற்பத்தி தொடங்கியது. ஐபோன் 15 விற்பனைக்கு வந்த முதல் நாளிலேயே இந்தியத் தயாரிப்பு கடைகளில் கிடைத்தது. அப்போதும் புரோ வகைகள் வெளிநாட்டிலிருந்தே வந்தன. 2024-இல் 16 புரோவுடன் அந்த நிலை முடிவுக்கு வந்தது.

தாம்பரம்–செங்கல்பட்டு இரயில் பாதையில், பரனூரை ஒட்டிய மகிந்திரா சிட்டியில் 2022-இல் பெகாட்ரான் ஆலையும் திறக்கப்பட்டது. அந்நிறுவனத்தின் இந்தியப் பிரிவில் 60 விழுக்காட்டுப் பங்கை 2025-இல் டாட்டா வாங்கியது. வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி வளாகம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது.

எஞ்சியுள்ள கேள்வி

அடிப்படை வகையானாலும் புரோவானாலும் இங்கு நடப்பது பெரும்பாலும் பாகங்களைப் பொருத்தும் பணியே. சில்லு தைவானில் உருவாகிறது. எந்த வசதி எந்த வகைக்கு என்பது கலிபோர்னியாவில் முடிவாகிறது. வடிவமைப்பு வேறிடத்தில் இருக்கும்போது ஆலையின் எதிர்காலமும் பிறர் கையில் இருக்கும் என்பதை நோக்கியாவின் முடிவு காட்டியது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு மின்னணு உதிரிபாக உற்பத்திக்கெனத் தனித் திட்டம் அறிவித்தது. பொருத்தும் பணியிலிருந்து பாகங்களை உருவாக்கும் பணிக்கு உயர்வதே இவ்வட்டாரம் ஏறவேண்டிய அடுத்த படி ஆகும்.